அணையாத வண்டி விளக்கும் இறங்கிப் போகும் பேட்டரியும்

திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் வட்டாரங்களில் தர்பூசணி பறிப்புத் தொடங்கிவிட்டால் வண்டிகளுக்கு இரவில்தான் வேலை. மாலையில் பறித்த காயை முன்னிரவில் ஏற்றி, விடியுமுன் கோயம்பேட்டில் இறக்கியாக வேண்டும். மாமல்லபுரம் கடலோர மணற்பாங்கில் விளையும் கீரை, கத்தரி, வெண்டைக்கும் இதே கணக்குத்தான். தர்பூசணியாவது இரண்டு நாள் தாங்கும். கீரைக்கட்டு தாங்காது. மொத்த வியாபாரம் முடிந்த பிறகு போய்ச் சேரும் சரக்குக்கு வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

இப்படிச் சரக்கு ஏற்றி முடித்து, சாவியைத் திருப்பும்போது வண்டி 'டிக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுவது உண்டு. பேட்டரி இறங்கியிருக்கும். காரணத்தைத் தேடினால், பல நேரங்களில் அது கேபினுக்குள் இரண்டு மூன்று நாட்களாக அணையாமல் எரிந்துகொண்டிருந்த ஒரு சின்ன விளக்காக இருக்கும். அல்லது டேஷ்போர்டில் காகிதங்கள் வைக்கும் மூடிபோட்ட பெட்டிக்குள் எரியும் அதைவிடச் சிறிய விளக்காக இருக்கும். பெட்டி மூடியிருப்பதால் அது எரிவது வெளியே தெரிவதில்லை.

2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்து, ஊர்மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்த பிறகு, வாடகை லாரிக்குக் காத்திராமல் சொந்த வண்டியில் சந்தைக்குப் போகும் சிறு விவசாயிகள் இப்பகுதியில் பெருகினர். அதன்பின் பலவகைப் பிக்கப் வண்டிகள் வந்தன. விவசாயி வீட்டு வண்டிக்கும் வாடகைக்கு ஓடும் வண்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வாடகை வண்டி தினமும் ஓடுவதால் பேட்டரி தினமும் நிறைகிறது. விவசாயியின் வண்டியோ வாரத்தில் இரண்டு நாள் ஓடி ஐந்து நாள் களத்து மேட்டில் நிற்கிறது. அணையாத விளக்கு கெடுதல் செய்வது அந்த ஐந்து நாட்களில்தான்.

சின்ன விளக்கு எவ்வளவு குடிக்கும்?

கேபின் விளக்கில் பொதுவாக 5 வாட் அல்லது 10 வாட் பல்பு இருக்கும். 12 வோல்ட் பேட்டரியில் 5 வாட் பல்பு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் எடுக்கும். ஒரு நாள் முழுவதும் எரிந்தால் 10 ஆம்பியர் மணி செலவு. 10 வாட் பல்பானால் இது இரட்டிப்பாகும். பேட்டரியின் கொள்ளளவு 50 ஆம்பியர் மணி என்று வைத்துக்கொண்டால், புது பேட்டரி ஓர் இரவைத் தாங்கும். காலையில் வண்டி கிளம்பிவிடும். மூன்று நாள் எரிந்தால் கிளம்பாது. மூன்று நான்கு ஆண்டு பழைய பேட்டரியில் உண்மையான கொள்ளளவு பாதியாகக் குறைந்திருக்கலாம். அது ஓர் இரவிலேயே படுத்துவிடக்கூடும்.

சரக்கு ஏற்றிய வண்டியைப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டால் பேட்டரி நிறைந்துவிடும் என்று நினைப்பது சரியல்ல. மூன்று நாளில் இழந்ததை மீட்கச் சில மணி நேர ஓட்டம் வேண்டும். அதோடு, ஒருமுறை முழுவதும் இறங்கிய பேட்டரியை உடனே நிரப்பாமல் விட்டால் ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டுப் படிகிறது. பின்னர் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. சில ஆயிரம் ரூபாய் பேட்டரி அதன் காலத்துக்கு முன்பே போய்விடும்.

வண்டிகளுக்கு மின்சார ஸ்டார்ட்டர் வந்த கதையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்ததுதான் இன்றைய 'செல்ஃபு'க்கு முன்னோடி. அதன் பின்னும் வெகுகாலம் வரை, செல்ஃப் எடுக்காவிட்டால் முன்பக்கம் கைப்பிடி மாட்டிச் சுற்றிக் கிளப்பும் வசதி கார்களிலும் லாரிகளிலும் இருந்தது. இன்றைய பிக்கப் வண்டியில் அந்த வசதி கிடையாது. பேட்டரி இல்லையென்றால் வண்டி இல்லை.

கடைமடைச் சுவிட்சு

கோளாறைக் கண்டுபிடிக்க, வண்டி விளக்கு எப்படி எரிகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இது வீட்டு விளக்கு மாதிரி அல்ல.

வீட்டில் சுவிட்சு தலைமடையில் இருக்கிறது. சுவிட்சைத் தாண்டித்தான் மின்சாரம் பல்புக்கு வரும். பெரும்பாலான வண்டிகளின் கேபின் விளக்கில் இது தலைகீழ். பேட்டரியின் மின்சாரம் ஃப்யூஸ் வழியாகப் பல்பு வரை எப்போதும் வந்து நிற்கிறது. பல்பிலிருந்து புறப்படும் கம்பி, கதவு நிலைச் சட்டத்தில் உள்ள பொத்தான் சுவிட்சுக்கு வந்து, அங்கே வண்டியின் இரும்பு உடம்பைத் தொடும்போது விளக்கு எரிகிறது. அதாவது சுவிட்சு கடைமடையில் இருக்கிறது. கதவு மூடியிருக்கும்போது பொத்தான் அமுங்கி மடை அடைபடுகிறது. கதவு திறந்தால் பொத்தான் வெளியே வந்து மடை திறக்கிறது.

வாய்க்காலில் மடையை அடைத்துவிட்டு வந்தாலும், நடுவில் கரை உடைந்திருந்தால் தண்ணீர் ஓடத்தானே செய்யும்? அதேபோல், பல்புக்கும் சுவிட்சுக்கும் இடையில் அந்தக் கம்பியின் தோல் எங்கே உரிந்து உடம்பைத் தொட்டாலும் விளக்கு எரியும். நடுவில் பல்பு இருப்பதால் ஃப்யூஸ் போகாது. ஆகவே 'ஃப்யூஸ் நன்றாகத்தானே இருக்கிறது, பல்பும் புதிதாயிற்றே' என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. பார்க்க வேண்டியது கதவுப் பக்கம்.

பார்க்க வேண்டிய முறை

இருட்டிய பிறகு பார்ப்பது நல்லது. முதலில் விளக்கின் மேலேயே உள்ள தள்ளு சுவிட்சைக் கவனிக்க வேண்டும். இதற்கு மூன்று நிலைகள் உண்டு. ஒன்றில் எப்போதும் எரியும். ஒன்றில் எப்போதும் எரியாது. மற்றொன்றில் கதவு திறந்தால் மட்டும் எரியும். இரவில் சரக்கு ஏற்றும்போது வெளிச்சத்துக்காக 'எப்போதும்' என்ற நிலைக்குத் தள்ளிவிட்டு, பிறகு அப்படியே மறந்துவிடுவது சாதாரணம். நின்ற வண்டியில் ஏறி விளையாடும் பிள்ளைகளும் இதைத் தள்ளிவிடுவார்கள். பாதிக் கோளாறுகள் இங்கேயே தீர்ந்துவிடும் என்றால் மிகையாகாது.

சில வண்டிகளில் கதவை மூடிய பிறகும் விளக்கு சிறிது நேரம் எரிந்து மெல்ல அணையும். அது கோளாறு அல்ல. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கதவுப் பொத்தான்கள். ஒரு கதவை மூடி வைத்து, திறந்திருக்கும் கதவின் பொத்தானை விரலால் நன்றாக அழுத்தவும். பிறகு மறுபுறமும் இதேபோல் செய்யவும். எந்த ஒரு சுவிட்சு பழுதானாலும் விளக்கு எரியும் என்பதால் ஓட்டுநர் பக்கத்தை மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. ஏறி இறங்காத பக்கத்துக் கதவின் சுவிட்சுதான் துருப்பிடித்து நின்றுவிடுகிறது.

விரலால் அழுத்தினால் விளக்கு அணைகிறது, ஆனால் கதவை மூடினால் அணையவில்லை என்றால், சுவிட்சு நன்றாக இருக்கிறது; கதவுதான் பொத்தானைப் போதுமான அளவு அழுத்தவில்லை. கீல் தொய்ந்து கதவு இறங்கியிருக்கலாம். பொத்தானின் தலையில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கலாம். கதவில் பொத்தான் படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் போதும். இதற்குச் செலவே இல்லை.

விரலால் அழுத்தியும் அணையவில்லை என்றால் சுவிட்சைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு திருகாணிதான் இருக்கும். சுவிட்சை வெளியே இழுத்து, பின்னால் உள்ள கம்பியைப் பிடுங்கி, நுனி எதையும் தொடாமல் பிடித்துக்கொண்டு பார்க்கவும். விளக்கு அணைந்தால் குற்றவாளி அந்தச் சுவிட்சு. அணையாவிட்டால் மறுபுறச் சுவிட்சில் இதையே செய்து பார்க்கலாம். இரண்டிலும் கம்பியைப் பிடுங்கிய பிறகும் எரிந்தால் கம்பி நடுவில் எங்கோ உடம்பைத் தொடுகிறது.

கம்பியைப் பிடுங்கியதும் அதை ஒரு நூலால் கட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துளைக்குள் நழுவி விழுந்துவிடும். அதை வெளியே எடுக்க மெக்கானிக்குக்கு ஒரு மணி நேரக் கூலி தர நேரிடும்.

கம்பி உரியும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். காலடியில் மிதிபடும் ரப்பர் விரிப்பின் கீழ், கூரைத் துணியின் ஓரம், இருக்கையின் அடியில் ஜாக்கியும் ஸ்பானரும் உரசும் இடம் ஆகியவை. பின்னால் பாட்டுப்பெட்டி, ஸ்பீக்கர் பொருத்தியிருந்தால் அதற்கு அடித்த திருகாணி கம்பியில் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தவறக்கூடாது.

புதிய வண்டிகள் சிலவற்றில் நிலைச் சட்டத்தில் பொத்தானே இருக்காது. சுவிட்சு கதவின் பூட்டுக்குள்ளேயே அமைந்திருக்கும். கதவைத் திறந்து வைத்து, பூட்டின் கொக்கியைத் திருப்புளியால் மூடிய நிலைக்குத் தள்ளிப் பார்க்கலாம். விளக்கு அணைய வேண்டும். பார்த்து முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கதவை மூட வேண்டும். மறந்து அடித்துச் சாத்தினால் பூட்டு கெட்டுவிடும். இவ்வகை வண்டிகளில் விளக்கை ஒரு மின்னணுப் பெட்டி கட்டுப்படுத்துவதால் கம்பிகளை வெட்டி ஒட்டும் வேலை கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியிலும் கம்பியைத் தொட வேண்டாம்.

மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

காகிதப் பெட்டி விளக்கு எல்லா வண்டியிலும் இல்லை. சிறிய சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் கிடையாது. உள்ள வண்டிகளில் பெட்டியின் மூடி மூடும்போது ஒரு சின்னப் பொத்தானை அழுத்தி விளக்கை அணைக்கிறது. விவசாயியின் வண்டியில் அந்தப் பெட்டிக்குள் ஆர்.சி. புத்தகமும் இன்ஷூரன்சும் மட்டுமா இருக்கின்றன? கோணி ஊசி, சணல், துண்டு, ஸ்பானர், தராசுக் கொக்கி எல்லாம் அங்கேதான். திணித்துத் திணித்து மூடி வளைந்துவிடுகிறது. தாழ்ப்பாள் விழுந்தாலும் பொத்தான் முழுதாக அமுங்குவதில்லை.

மூடிய பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்று எப்படி அறிவது? கைப்பேசியில் வீடியோ எடுக்கும்படி வைத்து, அதைப் பெட்டிக்குள் போட்டு மூடி, பத்து வினாடி கழித்து எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாதாரணப் பல்பானால் அரைமணி நேரம் மூடி வைத்துத் திறந்தவுடன் தொட்டுப் பார்க்கலாம். சுட்டால் எரிந்திருக்கிறது. எல்.இ.டி. விளக்கு அவ்வளவாகச் சுடாது.

அந்தச் சூட்டுக்கும் ஒரு விளைவு உண்டு. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் நாள் முழுவதும் எரியும் பல்பு அருகிலுள்ள காகிதத்தைப் பழுப்பாக்கும், பிளாஸ்டிக்கை இளக்கும். விதைப் பொட்டலத்தை அங்கே வைத்தால் முளைப்புத் திறன் குறையும். விளக்கு எரியாவிட்டாலும், சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் கேபின் விதை வைக்கத் தகுந்த இடமல்ல. பூச்சிமருந்துப் புட்டியை அங்கே வைக்கவே கூடாது.

பெட்டியின் மூடி வளைந்திருந்தால் இங்கும் டியூப் துண்டு வைத்தியமே போதும். விளக்கே வேண்டாம் என்பவர் பல்பைக் கழற்றி வைத்துவிடலாம். அதனால் வண்டிக்கு எந்தக் குறையும் இல்லை.

உப்புக் காற்று

செங்கற்பட்டு நகரையொட்டி ஓடும் வண்டியைவிடக் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கடலூர்க் குப்பம் பக்கம் ஓடும் வண்டியில் இந்தக் கோளாறு சீக்கிரம் வருவதற்குக் காரணம் கடற்காற்று. கேளம்பாக்கத்திலும் செய்யூரிலும் உப்பளம் போட்ட பூமி இது. காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்தால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பு பூக்கச் செய்யும். கதவுப் பொத்தானின் உள்ளே இருக்கும் சுருள்வில் இந்தத் துருவால் இறுகிவிடுகிறது. சுவிட்சு திறந்த நிலையில் இறுகினால் விளக்கு அணையாது. திருகாணியில் துரு ஏறி உடம்போடு தொடர்பு அற்றுவிட்டாலோ விளக்கு எரியவே எரியாது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

எல்.இ.டி. பல்பு மாற்றியவர்கள், விளக்கு அணைந்த பிறகும் மங்கலாக மினுக்குவதைக் கண்டிருக்கலாம். சுவிட்சுக்குள் உப்பீரம் படிந்து மிகச் சிறிய மின்சாரம் கசிவது இதற்கு ஒரு காரணம். பழைய பல்பில் அந்தக் கசிவு கண்ணுக்குத் தெரிந்திருக்காது. எல்.இ.டி. அதைக் காட்டிக்கொடுக்கிறது. பேட்டரியை இறக்கும் அளவு அது பெரிதல்ல. ஆனால் சுவிட்சைச் சுத்தம் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு அறிகுறி.

காய்கறி இல்லாத நாளில் மீன் ஏற்ற வண்டியை வாடகைக்கு விடும் விவசாயிகள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் கதவு இடுக்குகளிலும் விரிப்பின் கீழும் இறங்குகிறது. மீன் இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலோரக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பல இடங்களில் உவர்ப்பாகிவிட்டன. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றுவதில் என்ன லாபம்? ஏரித் தண்ணீரோ குடிதண்ணீர்க் குழாய்த் தண்ணீரோ ஒரு குடம் இருந்தால் கதவு நிலைகளையாவது துடைத்துவிடலாம். பேட்டரிக்குள் விடும் தண்ணீர் விஷயத்தில் கேள்வியே இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. உப்புத் தண்ணீர் விட்டால் நச்சு வாயு கிளம்பும், தகடும் அரித்துவிடும்.

கழற்றிய சுவிட்சை உப்புத்தாளால் தேய்த்து, துரு நீக்கும் திரவம் தெளித்து, பத்துப் பதினைந்து முறை அமுக்கி விட்டால் பெரும்பாலும் உயிர் வரும். திருகாணி இறங்கும் இடத்தில் உடம்பின் பெயிண்டும் துருவும் போகத் தேய்க்க வேண்டும். மாட்டிய பிறகு வெளிப்புறம் வேசலின் தடவி, ரப்பர் குல்லாய் போட்டுவிட்டால் மழைக்காலத்தைக் கடக்கலாம். சுருள்வில் அரித்துப் போயிருந்தால் புதியதுதான் மாற்ற வேண்டும். பொத்தான் சுவிட்சு விலை குறைவான பொருள்.

ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் புயலுக்குப் பின் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது போன்ற இரவுகளில், காற்று கடல் நீரையே தூவலாக அள்ளி வீசுகிறது. மரம் விழவில்லை, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று திருப்திப்பட்டுவிட்டால் தை மாதத்தில் சுவிட்சு இறுகியிருக்கும்.

அவசரத்துக்கு என்ன செய்யலாம்?

இரவில் விளக்கு அணையவில்லை, எலக்ட்ரீஷியனும் கிடைக்கவில்லை என்றால் தள்ளு சுவிட்சை 'எரியாது' என்ற நிலைக்குத் தள்ளுவதோ பல்பைக் கழற்றுவதோ போதும். பல்பு சூடாக இருக்கும். துணியால் பிடிக்க வேண்டும். ஃப்யூஸைப் பிடுங்குவது அவ்வளவு நல்லதல்ல. அதே ஃப்யூஸில் ஹாரன் முதலிய வேறு இணைப்புகளும் இருக்கலாம். ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். பம்புசெட்டில் ஃப்யூஸ் போனதும் தடித்த கம்பியைச் சுற்றி ஓட்டும் பழக்கத்தை வண்டிக்குக் கொண்டுவந்தால் கம்பிக் கட்டு முழுவதும் எரிந்துவிடும்.

சரக்கு ஏற்ற வசதியாகப் பின்பக்கம் தனியாக விளக்கு மாட்டியிருப்பவர்கள், அதன் கம்பி பேட்டரியிலிருந்து நேராகப் போகிறதா என்று பார்க்கவும். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃப்யூஸ் இருக்க வேண்டும். கம்பியை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கடலோரத்தில் ஒரு பருவம்கூடத் தாங்காது. பற்றவைத்து மூட வேண்டும்.

பேட்டரி இறங்கிவிட்டால் அக்கம்பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பலாம். டிராக்டர் பேட்டரி பொதுவாக 12 வோல்ட் என்பதால் பயன்படும். பெரிய லாரிகளில் 24 வோல்ட். அதிலிருந்து கேபிள் போட்டால் பிக்கப் வண்டியின் மின்னணுச் சாதனங்கள் கருகிவிடும். இரண்டு வண்டிகளின் எஞ்சினும் நின்றிருக்கும்போது, சிவப்புக் கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலும் பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையை, இறங்கிய பேட்டரியின் மேல் அல்லாமல், அந்த வண்டியின் எஞ்சின் இரும்பில் பேட்டரிக்குத் தள்ளி மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அதன் அருகே பொறி பறக்கக் கூடாது. பீடி, தீக்குச்சி அறவே ஆகாது. மாட்டிய பிறகு நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் இறங்கிய வண்டியைக் கிளப்ப வேண்டும். பழைய டீசல் வண்டிகளைப் போல இன்றைய வண்டிகளைத் தள்ளிக் கிளப்ப முடியும் என்று நம்பியிருக்க வேண்டாம். பேட்டரி அறவே இறங்கிவிட்டால் அவற்றின் மின்னணுப் பெட்டி எஞ்சினுக்கு எண்ணெய் விடாது.

பறிப்புக்கு முதல் நாள் மாலையிலேயே வண்டியை ஒருமுறை கிளப்பிப் பார்த்துவிடுவது நல்லது. மறுநாள் இரவு காயை ஏற்றிய பிறகு சாவியைத் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை. மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரி முனைகளில் வைத்துப் பார்க்கலாம். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் அன்றிரவே சார்ஜில் போட்டு, விளக்கையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்து, எல்லா விளக்கும் அணைந்திருந்தும் பேட்டரி மூன்று நாளில் இறங்குகிறது என்றால், எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட வேண்டியதுதான். பேட்டரி போய்விட்டது, புதியது மாற்றுங்கள் என்று அவர் சொல்லுமுன், வண்டி நிற்கும்போது எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எல்லாக் கதவும் மூடி, சாவியை எடுத்துச் சிறிது நேரம் ஆன பின், கசிவு 50 மில்லி ஆம்பியருக்கு உள்ளே இருந்தால் பேட்டரியையோ அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ சந்தேகிக்கலாம். 400 மில்லி ஆம்பியர் காட்டினால் எங்கோ 5 வாட் பல்பு ஒன்று இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புது பேட்டரி மாட்டக் கூடாது.